வேர்க்காத சுவர்

"அம்மா, சுவருக்கு வேர்க்குமா?" என்று மகள் ஒருமுறை கேட்டிருந்தாள். தையல்காரர் வீட்டுப் பின்னால், மேட்டு மண்ணைத் தாங்கிச் சாய்ந்து நின்ற சுவரைத் தொட்டபோது, நிலவியல் பொறியாளருக்கு அது நினைவுக்கு வந்தது. சுவர் விழுந்துவிடும் என்று அதிகாரிகள் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். அடைமழை ஓய்ந்த மறுநாளே, எங்கும் கசிவில்லாமல் சுவர் காய்ந்திருந்தது.

"அண்ணே, தண்ணி வடியற ஓட்டைங்க எங்க?"

"நான்தாம்மா சிமென்ட் வச்சு அடைச்சேன். ஓட்டையைப் பார்த்தா என் கை சும்மா இருக்குமா?"

"நல்லா அடைச்சீங்க போங்க! மண்ணுல ஊறின தண்ணி வழியில்லாம சுவரைத் தள்ளுது."

துளைகளைத் திறந்ததும் தண்ணீர் பீறிட்டது. சில நாள் அளந்து பார்த்தாள், சாய்வு கூடவில்லை. வீடு தப்பியது. தையல்காரர் கடவுளைக் கும்பிட்டார்.

கதவோரம் மாட்டியிருந்த தன் மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியவள், வழியில் அதன் பைக்குள் கையை விட்டாள். யாரும் பார்க்காத நேரத்தில், பையின் பழைய கிழிசல் அழகாகத் தைக்கப்பட்டிருந்தது.