வேம்பார் 7

எங்கள் வீட்டு நடுச்சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்குக் கிழக்கே இருப்பதெல்லாம் நெடுஞ்சாலைத் துறையின் இடமாம். வாசல், முன்னறை, நான் உட்கார்ந்து படித்த மேஜை, எல்லாமே கிழக்கேதான். கடைசியாக ஒருமுறை அளந்துவிட்டு மறுநாளே இடிப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

வீட்டு முன்னால் போகிற தார் ரோடு ஒரு காலத்தில் மாநில நெடுஞ்சாலை. மேற்கே அகலமாகப் புதுச்சாலை வந்ததும் இதன் அந்தஸ்தைப் பிடுங்கிவிட்டார்கள். இப்போது வேம்பார் பஸ்ஸும் உப்பு லாரியும் மட்டும் போகும். அந்தஸ்து போனாலும் இடத்தை விடவில்லை. ரோட்டின் நடுவிலிருந்து இருபுறமும் பதினைந்து மீட்டர் தங்களுடையது என்றார்கள்.

"பழைய ரோடு வீட்டுக்குப் பின்னால போச்சு, வெள்ளத்துல அரிச்ச பிறகுதான் முன்னால போட்டாங்க" என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். மனுவாகவும் எழுதிக் கொடுத்தேன். "ஏழாம் மைல்கல் உங்க வாசல்லதானம்மா நிக்குது. கல் இருக்க இடத்துலதான் ரோடு" என்று திருப்பி அனுப்பினார்கள். ரோடு நகர்ந்ததற்கு அவர்களிடம் ஒரு காகிதம்கூட இல்லையாம். அவர்கள் தொலைத்த காகிதத்துக்கு எங்கள் வீடு பலி.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். சாயர்புரத்தில் பி.ஏ. வரலாறு. 'அதைப் படிச்சு என்ன கிழிக்கப்போற' என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. முதல் நோட்டீஸ் வந்த அன்றே தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, அந்தச் சாலையின் பழைய பதிவேட்டைக் கேட்டிருந்தேன். அளக்க வருகிற அன்று காலையில்தான் தபால் வந்தது. மங்கிய நகலில் ஒரு வரி: ஏழாம் கல்லுக்குத் தெற்கே இருபது மீட்டரில் கல்பாலம்.

எங்கள் வாசல் கல்லுக்குத் தெற்கே பாலமும் இல்லை, ஓடையும் இல்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு பின்பக்கக் கருவேலங்காட்டுக்குள் போனேன். கை காலெல்லாம் முள். அரைமணி நேரத்தில் இடிந்த பாலம் அகப்பட்டது. அங்கிருந்து வடக்கே டேப்பைப் பிடித்தேன். இருபதாவது மீட்டர் வழிக்கருப்பன் காலடியில் முடிந்தது.

வழிக்கருப்பன் அப்பாவின் சாமி. இடுப்பு உயரக் கல், மேலே விரற்கடை கனத்துக்கு மஞ்சள் பெயிண்டும் சந்தனமும், சுற்றிச் சிவப்புத் துணி. அப்பா மாடக்கண்ணு சாலைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆண்டுதோறும் ஆயுத பூசைக்கு மண்வெட்டி, கடப்பாரையோடு கூட்டாளிகளைக் கூட்டிவந்து அங்கே சேவல் அறுப்பார். கூடப் படித்தவர்களிடம் இதைச் சொல்ல எனக்கு வெட்கம்.

வீட்டுக்கு ஓடினேன். சர்வேயர் நேசக்குமார் வாசலில் டேப்பை விரித்துக்கொண்டிருந்தார். அப்பா தலையைத் தொங்கப்போட்டு நின்றார்.

"யப்பா, வழிக்கருப்பன் யாரு?"

"ஏளா, நேரங்காலம் தெரியாம..."

"சொல்லு. அது மைல்கல்லா இல்லையா?"

அப்பா சர்வேயரைப் பார்த்தார். பிறகு என் காதருகே வந்து, "மெதுவா பேசு. பென்ஷன் போயிரும்ளா" என்றார்.

"வீடே போவுது!" என்று அம்மா சங்கரம்மாள் உள்ளிருந்து கத்தினாள். "பென்ஷனை வாங்கி எங்கன உக்காந்து திங்கப் போறீரு?"

அப்பா வாயைத் திறந்தார். ரோட்டை முன்னால் போட்டபோது, பழைய ஏழாம் கல்லைப் பிடுங்கி இங்கே நடச் சொல்லி உத்தரவு. "அந்த வருசந்தான் சார் அதுக்கு முத சேவல் குடுத்திருந்தோம். காவு வாங்குன சாமிய எப்படிப் பிடுங்க? எவனும் கடப்பாரையத் தொடல. புதுக்கல் ஒண்ணு எழுதி இங்கன நட்டுட்டோம். பழசைப் பிடுங்கியாச்சுன்னு மேஸ்திரிகிட்ட பொய் சொன்னோம்."

நேசக்குமார் டேப்பைச் சுருட்டினார். "எனக்குக் கல்லுல எழுத்து தெரியணும், அண்ணாச்சி."

எல்லோரும் பின்பக்கக் காட்டுக்குள் போனோம். நான் சுரண்டப்போனேன். "நீ தொடாத" என்று அப்பா என்னைத் தள்ளிவிட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டு, துணியை அவிழ்த்து, கொத்துக்கரண்டியால் அவரே சுரண்டினார். முப்பது வருடத்து மஞ்சள் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. முதலில் 'வேம்' தெரிந்தது. பிறகு 'பார்'. கீழே ஆழமாக வெட்டிய 7.

நேசக்குமார் சத்தமாகச் சிரித்தார். "ஒரே ரோட்டுக்கு ரெண்டு ஏழாம் கல்லு! நல்ல ஆளுவதான்."

கல்லையும் பாலத்தையும் போட்டோ எடுத்தார். பழைய சாலையின் நடுவைக் கணக்கிட்டு, அங்கிருந்து எங்கள் பின்சுவர் வரை அளந்தார். நாற்பத்தொரு மீட்டர். பிறகு மேலதிகாரிக்குப் போன் போட்டார். "ஆமா சார், மாநில நெடுஞ்சாலை நிலம் முழுசும் பின்னால முள்ளுக்குள்ளதான் கிடக்கு. முன்னால உள்ளது பிறகு போட்டது, நம்ம பதினஞ்சு மீட்டர் கணக்கு அதுக்குப் பொருந்தாது... சரி சார்." போனை வைத்துவிட்டு, வீடு எல்லைக்கு வெளியே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"என் பென்ஷன்?" என்றார் அப்பா.

"பிடுங்காத கல்லுக்கு எவன் கேஸ் போடுவான்? போங்க அண்ணாச்சி."

நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் பாதி எரிச்சல். "ரெண்டு மாசமா என்னைய ஆபீஸ் ஆபீஸா அலையவிட்டியே! ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"நீதான் சாமி கும்பிடாதவளாச்சே" என்றார்.

அம்மா அதற்குள் சுண்ணாம்பைக் கரைத்துச் சிவப்புக் கோட்டின்மேல் பூசிக்கொண்டிருந்தாள். அப்பா மஞ்சள் டப்பாவோடு காட்டுக்குள் கிளம்பினார்.

"யப்பா, அந்த நம்பரை மட்டும் மூடாத" என்று பின்னாலேயே போனேன்.