காப்பி நிற டயல்

நேவியோ அந்தக் கைக்கடிகாரத்தை வாங்கி வந்த ஞாயிற்றுக்கிழமை, லோரெதானா சாயங்காலம் வரை அவனோடு பேசவில்லை. அதற்குப் பிறகு பேசினாள். பேசாமலேயே இருந்திருக்கலாம் என்று அவன் நினைக்கும்படி பேசினாள். கல்யாண நாளுக்கு இருவரும் லிஸ்பன் போவதாக ஏற்பாடு. அதற்குச் சேர்த்த பணம் முழுக்க மோதெனா பழம்பொருள் சந்தையில் ஒரு கிழவரின் பைக்குள் போய்விட்டது. கிழவர் அந்தக் காலத்தில் சைக்கிள் பந்தயங்களுக்கு நேரம் குறித்தவராம். பக்கவாட்டில் இரண்டு பொத்தான், டயலுக்குள் மூன்று குட்டி வட்டம். மேல் பொத்தானை அமுக்கினால் நடுமுள் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும், கீழ்ப் பொத்தானை அமுக்கினால் துள்ளிக்கொண்டு பழைய இடத்துக்கு வந்துவிடும்.

"க்ரோனோகிராஃப்! பந்தயத்தை அளந்த வாட்ச்!" என்றான் நேவியோ, முதல் பிள்ளை பெற்றவனைப் போல.

"உனக்கு எதுக்கு அது? நீ பாத்ரூம்லேர்ந்து வெளிய வர்ற நேரத்தை அளக்கவா?" என்றாள் லோரெதானா.

மறுநாளே இதைத் தங்கள் ஊரான கார்ப்பியின் சதுக்கத்தில் நின்று நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தாள். அவள் நாக்கு அப்படி. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷம் பிள்ளைகளை அதட்டிப் பழகியது. கணவன் அந்த வாட்ச்சைக் கட்டிக்கொண்டு வெளியே கிளம்பும்போதெல்லாம், "லிஸ்பன்ல இப்ப மணி என்ன?" என்று கேட்பாள். "ஒரு நாள் இதைத் தொர்தெல்லினி சூப் கொதிக்கிற பானைக்குள்ள போடத்தான் போறேன், பாரு" என்பாள். அக்கம்பக்கத்தில் இதைக் கேட்காத காது கிடையாது.

நேவியோ காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்னலாடை ஆலையில் மெஷின்களோடு காலம் தள்ளியவன். சத்தம் அவனுக்குப் பழகிப்போன விஷயம். காலையில் காப்பிக்கு முன்னால் ஜன்னலருகில் நின்று வாட்ச்சுக்குச் சாவி கொடுப்பான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கட்டிக்கொண்டு, இதே பைத்தியம் பிடித்த நண்பர்கள் கூடும் பாருக்குப் போவான். மற்ற நாளில் அது கம்பளிக் காலுறைக்குள் உறங்கும்.

ஒரு தடவை லோரெதானா அதை உற்றுப் பார்த்தாள். பிறந்தபோது கறுப்பாக இருந்த டயல், பால் கலந்த காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. "ஏன் இதுக்கு மூஞ்சி இப்படிக் கறை பிடிச்சுக் கிடக்கு?"

"வயசாச்சுல்ல," என்று சொல்லி நழுவிவிட்டான் நேவியோ. உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வெயிலில் வெளுத்த அந்த நிறத்துக்காகத்தான் அவன் கூடுதலாகப் பணம் கொடுத்தான். ஆனால் கறைக்குக் காசு கொடுத்தேன் என்று அவளிடம் சொல்வது, அடிக்க வருபவள் கையில் கட்டையையும் கொடுப்பது மாதிரி. பாரில் அந்த ஞாயிற்றுக்கிழமை மேஜையில் உட்காரும் ஒருவன்கூட வாட்ச் விஷயத்தில் வீட்டில் உண்மை பேசியவன் கிடையாது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

வசந்த காலத்தில் வாட்ச் நின்றுபோனது. அப்போது லோரெதானாவின் பல் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. நல்ல வைத்தியர், நல்ல செலவு. "வாட்ச்சை அப்புறம் பாத்துக்கலாம்" என்று நேவியோ சொல்லிவிட்டான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்ததும் ஓடாத வாட்ச்சைக் கட்டிக்கொண்டு, வழக்கம்போலச் சட்டைக் கையை ஒரு மடிப்பு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு பாருக்குக் கிளம்பினான். லோரெதானா ஜன்னலிலிருந்து அவன் போவதைப் பார்த்தாள். அன்றிலிருந்து லிஸ்பன் பேச்சை எடுக்க அவளுக்கு வாய் வரவில்லை.

யாருக்கும் தெரியாமல், ஆலைக்காரர்களிடம் ஸ்வெட்டருக்குப் பொத்தான் தைக்கும் வேலை வாங்கி வீட்டிலேயே தைத்துச் சேர்த்தாள். இலையுதிர் காலத்தில் நேவியோ முழங்கால் வலிக்குச் சேற்றுக் குளியல் எடுக்க ஆபானோ கந்தக ஊற்றுக்குப் போனான். அவன் பஸ் ஏறியதும் இவள் காலுறையை எடுத்துக்கொண்டு நகைக்கடைக்குப் போனாள். வாட்ச்சை மிலானில் அதைச் செய்த கம்பெனியின் சொந்தப் பட்டறைக்கே அனுப்பலாம் என்றாள் கடைப்பெண். "ஓட வச்சா மட்டும் போதுமா, இல்ல எல்லாத்தையும் புதுசாக்கணுமா, சிக்னோரா?"

"புதுசாத்தான்," என்றாள் லோரெதானா பெருமையாக. "முகத்துல இருக்கிற அந்தக் கறை சுத்தமாப் போயிடணும்."

நேவியோ திரும்புவதற்கு முன்னால் ஒரு நாள், அவனுடைய பார் நண்பன் இல்லேர் புது ஒயின் பாட்டிலோடு வந்தான். லோரெதானாவுக்கு ரகசியம் வயிற்றில் தங்கவில்லை. கொட்டிவிட்டாள். இல்லேர் வாய்க்குக் கொண்டுபோன கிளாஸை மேஜையில் வைத்தான்.

"டயலை மாத்தச் சொன்னியா?"

"ஆமா. கறை பிடிச்சு அசிங்கமா..."

"கறைன்னு உனக்கு யாரு சொன்னா?"

"அவன்தான். வயசாச்சுன்னான்."

"அடப்பாவி!" இல்லேர் தலையில் அடித்துக்கொண்டான். "லோரெதானா, அந்தக் கலர்தான் அந்த வாட்ச். கறுப்பு டயல் கடைக்குக் கடை கிடைக்கும். இந்த மாதிரி காப்பி கலர் வர்றது அதிர்ஷ்டம். அதுக்காக என் காரையே தரேன்னு கெஞ்சினேன், உன் புருஷன் சிரிச்சான். கம்பெனிக்காரன் பழசு எதையும் விட்டுவைக்க மாட்டான். புது டயல் மாட்டிக் கூட்டையும் தேச்சுப் பளபளன்னு அனுப்புவான். அது வாட்ச்சைக் கொல்ற மாதிரி!"

லோரெதானாவுக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. வாட்ச்கூடப் பிறகுதான். பானைக்குள் போடுவேன் என்று ஊர் கேட்கச் சொன்னவள் அவள். அவன் ஊரில் இல்லாத சமயம் பார்த்து வாட்ச்சின் உயிரை எடுத்துவிட்டு, ஆசையாகச் செய்தேன் என்றால் யார் நம்புவார்கள்? நேவியோ நம்புவானா? வஞ்சம் தீர்த்துவிட்டாள் என்றுதானே நினைப்பான்? கத்த மாட்டான். தலையை ஆட்டிவிட்டு வெறும் மணிக்கட்டோடு பாருக்குப் போவான்.

மிலானுக்குப் போன் போட்டாள். "டயல் மாத்தியாச்சு, சிக்னோரா. பாலிஷ் மட்டும் பாக்கி. நாளைக்கு முடிஞ்சிடும்" என்றது ஒரு குரல் சந்தோஷமாக. பழைய டயல்? "பழைய பாகங்களை நாங்க அழிச்சிடுவோம்." பாலிஷை நிறுத்தச் சொல்வதற்குள் போன் வைக்கப்பட்டது; மறுபடி போட்டபோது எடுக்க ஆளில்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக இல்லேர் காரை எடுத்தான். நெடுஞ்சாலை முழுக்க மூடுபனி. "கவலைப்படாத, அவன் மன்னிச்சிடுவான். நானா இருந்தா மன்னிக்க மாட்டேன், ஆனா அவன் நல்லவன்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தான். லோரெதானா அவனை வாயை மூடச் சொன்னாள்.

பட்டறைக் கௌண்டரில் வெல்வெட் தட்டில் வைத்து வாட்ச்சைக் காட்டினார்கள். கறுகறுவென்று மின்னும் டயல், பால் வெள்ளை எண்கள். லோரெதானாவுக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. அதுதான் கொடுமை.

"என் பழைய டயலைக் கொடுங்க."

"அப்படித் தர்றது வழக்கம் இல்ல, சிக்னோரா."

"நான் முயலைக் கொடுத்து அறுக்கச் சொன்னா, ஈரலை நீங்க வச்சுக்குவீங்களா? என் பொருள்லேர்ந்து எடுத்தது என்னோடது. கொடுங்க!" சமையலறைக் குரல் முழுசாக வெளியே வந்தது. காத்திருந்த கனவான்கள் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து பட்டறைத் தலைவர் கலிம்பெர்த்தி வெள்ளை அங்கியோடு ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டார். பழைய பாகங்களை நசுக்குவது மாதக் கடைசியில்தான் என்றும், இன்னும் அந்த நாள் வரவில்லை என்றும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவர் திரும்பி வருவதற்குள் லோரெதானா தனக்குத் தெரிந்த எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டுவிட்டாள். வந்தார். கையில் சின்னப் பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரு பிஸ்கட் அளவுகூட இல்லாத அந்தக் காப்பி நிறத் தகடு, கீறல் இல்லாமல் இருந்தது. லோரெதானா பையோடு சேர்த்து அதற்கு முத்தம் கொடுத்தாள்.

"கூட்டைத் தேய்க்கலையே?" என்று இல்லேர் கேட்டான்.

"மத்தியானம்தான் தேய்க்கறதா இருந்தோம்."

இல்லேர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான்.

"இதைத் திரும்ப மாட்டினா எங்க உத்தரவாதம் கிடையாது, சிக்னோரா," என்றார் கலிம்பெர்த்தி.

"உங்க உத்தரவாதம் எனக்கு எதுக்கு? எனக்கு என் புருஷன் வேணும்," என்றாள் லோரெதானா.

பழைய டயலோடு வாட்ச் கைக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. திரும்பும் வழியில் அதைக் காதோரம் வைத்துக்கொண்டே வந்தாள். "யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்," என்று சத்தியம் செய்தான் இல்லேர். "தானா ஓட ஆரம்பிச்சிடுச்சுன்னு சொல்லிடு. பழைய வாட்ச் சில சமயம் அப்படிச் செய்யும்."

சனிக்கிழமை நேவியோ வந்தான். மேலெல்லாம் கந்தக வாடை. பெட்டியைக்கூடத் திறக்காமல் காலுறையை எடுத்தான். வாட்ச்சை வெளியே எடுத்தவன் அப்படியே நின்றான். அது ஓடிக்கொண்டிருந்தது. மேல் பொத்தானை அமுக்கினான், நடுமுள் ஓடியது; மறுபடி அமுக்கினான், நின்றது. கீழே அமுக்கினான், துள்ளிப் பழைய இடத்துக்கு வந்தது. திருப்பிப் பின்மூடியைப் பார்த்தான்.

"இதை யாரு திறந்தா?"

இல்லேர் சொல்லிக்கொடுத்த பொய் நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போய்விட்டது. லோரெதானா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, பொத்தான் தைத்ததிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். கறுப்பு டயல் வரும் இடத்தில் பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கடைசியில், "நான் வேணும்னே செஞ்சேன்னுதான் நினைப்ப. நினைச்சுக்கோ. நான் பேசின பேச்சுக்கு நீ அப்படி நினைச்சாத் தப்பு இல்ல," என்றாள்.

அவன் சிரிக்கும் சத்தம் கேட்டு அவள் திரும்பினாள்.

"நீயா? வேணும்னு செஞ்சிருந்தா மொதல்ல சதுக்கத்துல நின்னு ஊருக்குச் சொல்லியிருப்ப. அப்புறம் நான் வர்ற வரைக்கும் காத்திருந்து, என்னை எதிர்ல நிக்க வச்சுப் பானையில போட்டிருப்ப. கோபத்தை ஒளிச்சு வைக்க உனக்கு எங்க தெரியும்? இத்தனை வருஷத்துல எனக்குத் தெரியாம நீ செஞ்சது இது ஒண்ணுதான். அதுவும் எனக்காக." அவன் கண் கலங்கியிருந்தது. "தப்பு என் மேல. கறைன்னு உன்னை நம்பவிட்டேன் பாரு."

தன் வாய்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று பயந்துகொண்டிருந்தாள். அதே வாய்தான் காப்பாற்றியிருக்கிறது. லோரெதானா அடுப்பை அணைத்துவிட்டு அவன் தோளில் சாய்ந்து, இத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் அழுது தீர்த்தாள். கந்தக நாற்றம் மூக்கைத் துளைத்தது. அதற்கும் அவனைத் திட்டினாள்.