கூடத்துக் கண்ணாடி

என் தம்பி நூமாவின் வீட்டில் நான் சமையல்காரி. எங்கள் தாய் கறுப்பி, தகப்பன் வெள்ளைக்காரன். நிறத்தில் நான் அம்மாவைக் கொண்டு பிறந்தேன். அவன் தகப்பனின் வெள்ளைத் தோலோடு பிறந்தான். அந்தத் தோலை வைத்தே நியூ ஆர்லியன்ஸில் வெள்ளைக்காரனாகி, கரும்பாலை வாங்கி, பெரிய மனிதனாகிவிட்டான். அடுப்படியில் நான் அவனுக்கு அக்கா. யாராவது வந்துவிட்டால் அவன் எனக்கு ஐயா. வெட்கங்கெட்ட பிழைப்புதான். அவன் மகள் ஓடலிக்காகப் பொறுத்துக்கொண்டேன். தாயில்லாத பெண், என் கையில் வளர்ந்தவள். நான் அவளுக்கு அத்தை என்பது அவளுக்கே தெரியாது.

நீதிபதி மகனுக்கு அவளைப் பேசி முடிக்க இருந்தோம். அதற்கு முந்தைய மாலை, ஆற்றுக்கு அக்கரையில் அம்மா செத்துப்போனாள்.

"ஒரு தடவ வந்து முகத்தப் பாத்துட்டுப் போடா," என்றேன்.

"யார் கண்ணுலயாவது பட்டா? நம்ம கறுப்பு ரத்தம் ஒரு சொட்டு இருக்குன்னு தெரிஞ்சா இந்த ஊர் சட்டத்துல அவ கல்யாணமே செல்லாது அக்கா. நீ போ. நாளைக்குக் காப்பி நேரத்துக்கு வந்துரு."

போய் அழுதுவிட்டு வந்தேன்.

மறுநாள் பெண் பேச வந்த நீதிபதியின் மனைவி லாந்த்ரி அம்மாள் கூடத்துக்குள் நுழைந்ததும் அப்படியே நின்றாள். பெரிய கண்ணாடிமேல் கறுப்புத் துணி போர்த்தியிருந்தது. எங்கள் ஊரில் சாவு விழுந்த வீட்டில்தான் கண்ணாடியை மூடுவோம்.

"உங்க வீட்ல யாரு தவறிட்டாங்க?"

நூமா முகத்தில் ஈயாடவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. பாவி, பெற்றவளுக்கு அதையாவது செய்யாமல் அவனால் இருக்க முடியவில்லை.

"நாந்தாம்மா மூடுனேன்," என்றேன். "எங்காத்தா போயிருச்சு. புத்தியில்லாமச் செஞ்சுட்டேன்."

"சமையல்காரி ஆத்தாளுக்கு மொதலாளி வீட்டுக் கண்ணாடியா? நல்லாத்தான் எடம் குடுத்து வச்சிருக்கீங்க," என்று சிரித்தபடி உட்கார்ந்தாள். எனக்குப் போன உயிர் வந்தது.

என்னை ஒரு சொல் சொன்னால் ஓடலிக்குப் பொறுக்காது. என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "இவங்க மேல தப்பே இல்லீங்க. அப்பாதான் விடியக்காலைல மூடுனாரு. அழுதுக்கிட்டே மூடுனாரு, நான் பாத்தேன்."

லாந்த்ரி அம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தம்பி முகத்தை. மூக்கு, தாடை, நெற்றி என்று நிதானமாகப் பார்த்தாள். காப்பியைத் தொடாமல் எழுந்தாள்.

"போய் என் வண்டியக் கொண்டாரச் சொல்லுடா," என்றாள் அவனிடம்.

"சரிங்கம்மா," என்று நூமா வாசலுக்குப் போனான்.

"நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?" என்று ஓடலி என்னைக் கேட்டாள்.

"இல்லடி கண்ணு," என்றேன்.