மரநாற்காலியில் சொன்னது

சின்ன மாமாவின் வகுப்பறையில் மேசைக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்று கை இல்லாத மரநாற்காலி. மற்றது கை வைத்த பிரம்பு நாற்காலி. பாதிரியாராகப் படிப்பவர்களுக்கான குருமடத்தில் அவர் திருச்சபையின் ஆரம்ப கால வரலாற்றை நடத்தினார். பழைய எழுத்துகளில் என்ன கிடைத்திருக்கிறதோ அதை மட்டும் மரநாற்காலியில் உட்கார்ந்து சொல்வார். தான் விசுவசிப்பதைச் சொல்ல வேண்டுமென்றால் எழுந்து பிரம்பு நாற்காலிக்குப் போய்விடுவார். முட்டிவலி வந்த பிறகும் இந்த வழக்கத்தை அவர் விடவில்லை. மாணவர்கள் அதை மியூசிக்கல் சேர் என்பார்கள்.

நான் ஒருமுறை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்த சமயம். அன்று ரோமாபுரியின் முதல் ஆயர்களை, அதாவது பிஷப்புகளைப் பற்றிய பாடம்.

"பேதுரு அங்க போனாரு, அங்கயே செத்தாருங்கறதுக்குப் பழைய சாட்சி இருக்கு," என்றார் மரநாற்காலியில். "அவருக்கு அடுத்து யாரு? ரோமாபுரிச் சபை கொரிந்து சபைக்கு ஒரு பெரிய கடிதம் எழுதியிருக்கு. எழுதினவர் பேரு அதுல இல்ல. 'நாங்க'ன்னுதான் இருக்கு. அப்புறம் இஞ்ஞாசியார்னு அந்தக் காலத்து ஆயர் ஒருத்தர். ரோமாபுரியில கொல்றதுக்குக் கொண்டுபோற வழியில சபை சபையா எழுதுறாரு. மத்த ஊருக்கெல்லாம் உங்க ஆயருக்குக் கீழ்ப்படிங்கன்னு எழுதினவரு, ரோமாபுரிக்கு எழுதும்போது அங்க ஒரு ஆயர் இருக்கறதாவே காட்டிக்கல. வரிசையா பேரு சொல்ற பட்டியல் நமக்குக் கிடைக்கறது ரொம்பப் பின்னாடிதான். ஆரம்பத்துல மூப்பர்கள் பல பேரு சேர்ந்துதான் நடத்தியிருப்பாங்கன்னு தோணுது."

பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிரம்பு நாற்காலி கிறீச்சிட்டது.

"இப்ப நான் பேசுறேன். பேதுருவோட இடத்துல இருக்கற போப்பாண்டவர் சொன்னா நான் கேப்பேன். ஆத்துக்கு ஊத்துக்கண் எதுன்னு என்னால கைகாட்ட முடியாது. ஆனா இத்தன வருஷமா அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறேன்." என்னைப் பார்த்துச் சிரித்தார். "பின்னாடி ஒரு தண்ணி டாக்டர் உக்காந்திருக்கா. அவளக் கேளுங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து அதே பாடத்தை ஒரு மாணவன் செல்போனில் பதிவு செய்தான். மரநாற்காலியில் சொன்னதை மட்டும் வெட்டி யாருக்கோ அனுப்பினான். அது கைமாறிக் கைமாறி குருமடத்தை நடத்தும் குழுவுக்குப் போனது. அவர்கள் ஒரு குரலைத்தான் கேட்டார்கள். ஒலிப்பதிவில் நாற்காலி கேட்காது.

மாமா நடந்ததை விளக்கினார். அப்படியானால் சிக்கலே இல்லை, இதில் கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு வாக்குமூலத்தை அனுப்பினார்கள். பேதுருவுக்குப் பின் ரோமாபுரியில் ஒருவர்பின் ஒருவராகத் தனி ஆயர்கள் இருந்ததை வரலாற்றுச் சான்றுகள் ஐயமின்றி நிரூபிக்கின்றன என்று அதில் இருந்தது. விசுவசிக்கிறேன் என்று மாற்றினால் இப்போதே போடுகிறேன் என்றார் மாமா. குழு மாற்றவில்லை.

கையெழுத்து இல்லையென்றால் வகுப்பு போய்விடும். மாமாவுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. குருமடக் கோயிலுக்குப் பின்னால் அங்கே பாடம் நடத்தியவர்களின் கல்லறைகள் இருக்கின்றன. அவருடைய ஆசிரியரும் அங்கேதான் இருக்கிறார். "அவர் பக்கத்துல ஒரு இடம் காலியா இருக்கு. அங்க படுத்தா பசங்க வகுப்புக்கு ஓடுற சத்தம் கேக்கும்," என்று அம்மாவிடம் பலமுறை சொல்லியிருந்தார். குழுவின் நம்பிக்கையை இழந்தவருக்கு அங்கே இடம் கிடையாது.

கையெழுத்து வாங்கும் பொறுப்பு பெரிய மாமாவிடம் வந்தது. அவர் அப்போது ஆயர்; எல்லோரும் 'ஆண்டவரே' என்றுதான் கூப்பிடுவார்கள். குழுவில் ஒருவர். சின்ன மாமாவின் சொந்த அண்ணன்.

எங்கள் வீட்டில் சந்தித்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்தவள் அம்மா. மத்தியானச் சாப்பாடு முடிந்தது. ஜன்னலோரம் இருந்த மெத்தை நாற்காலியில் சின்ன மாமா சாய்ந்திருந்தார். பெரிய மாமா காகிதத்தை மேசையில் வைத்து அதன் மேல் பேனாவை வைத்தார்.

"போட்டுட்டுப் போடா. பெரிய ராமாயணமா பண்ணாத."

"அண்ணனாப் பேசுறியா, ஆண்டவராப் பேசுறியா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே சக்கர வியாதிதான். சீக்கிரம் போடு, மாத்திரைக்கு நேரமாச்சு."

அம்மா சிரித்தாள். சின்ன மாமாவும் சிரித்தார். ஆனால் பேனாவை எடுக்கவில்லை.

"முடியாதுண்ணா. தெரியாதத தெரியும்னு எப்படிப் போடுறது?"

"உன்ன நான் எதுக்காவது வற்புறுத்தியிருக்கேனா? இன்னைக்குச் சொல்றேன், கேளு." பெரிய மாமாவின் குரல் மாறியது. "அப்பா சாகும்போது எங்கிட்ட என்ன சொன்னாரு? தம்பியையும் தங்கச்சியையும் உங்கிட்ட விட்டுட்டுப் போறேன், நீ சொன்னா கேப்பாங்கன்னு சொன்னாரு. சொன்னாரா இல்லயா?"

தாத்தாவின் அந்தக் கடைசி வார்த்தைகளைக் கேட்டே நான் வளர்ந்தேன். அந்த வார்த்தைகளின் பேரில்தான் பெரிய மாமா படிப்பை விட்டு லேத் பட்டறைக்குப் போனார். அவர் பார்த்த மாப்பிள்ளையை அம்மா கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அவர் குருமடத்தில் சேர்ந்தார். தம்பியும் அதே வருடம் சேர்ந்தார். ஒருவருக்கு மீசை நரைக்கத் தொடங்கியிருந்தது, ஒருவருக்கு முளைக்கத் தொடங்கியிருந்தது என்று அம்மா சொல்வாள்.

சின்ன மாமா எழுந்தார். சமையலறைக்குப் போய் மர ஸ்டூலை எடுத்துவந்து போட்டு அதில் உட்கார்ந்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அம்மாவுக்கும் புரிந்தது.

"வேணாண்டா," என்றாள்.

"அப்பாவுக்கு வாய் வரலண்ணா," என்றார் சின்ன மாமா. "பக்கவாதம் வந்த அன்னையிலேர்ந்து ஒரு வார்த்தை வரல. நானும் அக்காவும் கட்டில் பக்கத்துலதான் நின்னோம். உன் கையப் புடிச்சாரு. அவ்வளவுதான்."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. காகிதத்தின் ஓரம் தூக்கித் தூக்கி விழுந்தது. பெரிய மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.

"அப்ப நான் இத்தன வருஷமா பொய் சொல்லிட்டு இருந்தேன்."

"நான் அப்படிச் சொல்லல."

சின்ன மாமா அவசரமாக எழுந்து மெத்தை நாற்காலிக்குத் திரும்பினார். மேசைக்காலில் முட்டி இடித்தது. அதைத் தேய்க்கக்கூட இல்லை.

"அன்னைக்கு சொந்தக்காரங்க எங்கள ஆளுக்கொரு பக்கமா கூட்டிட்டுப் போகப் பார்த்தாங்க. நீ வெளிய வந்து அப்பா எங்கிட்ட விட்டுட்டாருன்னு சொன்ன. அதுக்கப்புறம் யாரும் வாயத் திறக்கல. உனக்கு அப்படித்தான் கேட்டிருக்கும்ணா. அந்தக் கைப்பிடியில அது இருந்திருக்கும். நீ சொன்ன மாதிரியே எங்களப் பாத்துக்கிட்ட. அதனாலதான் இன்னைக்கு வரைக்கும் நீ சொன்னா கேக்குறேன். வாத்தியார் வேலைய விடுன்னு சொல்லு, விட்டுடறேன். இதுல மட்டும் கையெழுத்துப் போடச் சொல்லாத."

பெரிய மாமா எழுந்தார். காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். பேனாவை மறந்துவிட்டுப் போனார். வாசலில் வழக்கமாக என் நெற்றியில் சிலுவை வரைவார். அன்று வரையவில்லை.

அடுத்த வாரம் குழு கூடி முடிவெடுத்தது. பெரிய மாமாதான் போனில் சொன்னார்.

"வகுப்ப நிறுத்திடுடா."

"சரிண்ணா."

புத்தகங்களைக் கட்ட நான் போயிருந்தேன். பசங்க யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள். சின்ன மாமா ஈரத்துணியால் இரண்டு நாற்காலிகளையும் துடைத்தார். பிரம்பின் ஓட்டைகளில் விரலைவிட்டுத் துடைத்தார்.

"இதையும் எடுத்துக்கலாமா மாமா?"

"குருமடத்துச் சொத்தும்மா. வரப் போற வாத்தியாருக்கும் உக்கார இடம் வேணாமா?"

முதிய குருக்கள் இல்லத்தில் அவருக்கு ஓர் அறை கொடுத்தார்கள். அதில் ஒரு நாற்காலிதான் இருந்தது. நான் போகும்போதெல்லாம் தண்ணீரைப் பற்றிக் கேட்பார், குளோரின் எவ்வளவு கலக்கிறீர்கள் என்று. வரலாறு பேசமாட்டார். அண்ணன் உங்கள் வீட்டுக்கு வந்தாரா என்று மட்டும் கேட்பார். பெரிய மாமா வரவேயில்லை.

வருடம் முடிவதற்குள் சின்ன மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. தாத்தாவுக்கு வந்தது போலவே வாய் போய்விட்டது.

அதன்பிறகு பெரிய மாமா தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் இருப்பார்கள். ஒருவரால் முடியவில்லை. மற்றவர் ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியாது.

கடைசி நாள் காலையில் பெரிய மாமா அவருக்கு எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுத்தார். பிறகு எங்களை வெளியே இருக்கச் சொன்னார். வராந்தாவில் அம்மாவும் நானும் நின்றோம். குழுவின் செயலரும் வந்திருந்தார். அவர் சின்ன மாமாவிடம் படித்தவர், நல்ல மனிதர். வெயிலில் நடந்து வந்து வியர்த்திருந்தார்.

கதவு திறந்தது. பெரிய மாமாவின் முகத்தைப் பார்த்ததும் அம்மா சுவரில் சாய்ந்து அழுதாள்.

செயலர் கொஞ்சம் பொறுத்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"ஆண்டவரே, கடைசியில சாமி அந்த வாக்குமூலத்த ஏத்துக்கிட்டாருன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். குருமடத்துலயே அடக்கம் பண்ணிடலாம். அவங்க வாத்தியார் பக்கத்துலயே. குழுவுல நான் பேசிக்கிறேன். தலைய அசைச்சாருன்னு சொன்னாக்கூடப் போதும்."

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அண்ணனைப் பார்த்தாள். அவள் கண் கெஞ்சியது. நானும் மனதுக்குள் கெஞ்சினேன். சொல்லிவிடுங்கள் மாமா. தாத்தா சொன்னதாக முன்பு ஒருமுறை சொன்னீர்களே, எல்லோரும் பிழைத்தோமே.

வராந்தாவில் ஒரு மரப்பெஞ்ச் இருந்தது. பெரிய மாமா மெதுவாக அதில் உட்கார்ந்தார்.

"ஒண்ணும் சொல்லல," என்றார். "தலைய அசைக்கல. என் கையப் புடிச்சான். அவ்வளவுதான்."

சின்ன மாமாவை ஊர்ப் பொதுக் கல்லறையில் தாத்தாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். சடங்கை நடத்தும்போது பெரிய மாமாவின் குரல் இரண்டு இடத்தில் நின்றது. குருமடத்திலிருந்து செயலர் மட்டும் வந்திருந்தார். ரோட்டில் லாரிகள் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

ஒரே காரில் திரும்பினோம். பாதி வழியில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியபடியே கேட்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணா?"

"அவன் அந்த ரூமுக்குள்ளதான் இருந்தான்மா. காதுல விழுந்திருக்கும்."

அம்மா மூக்கை உறிஞ்சினாள். மறுபடியும் கேட்டாள்.

"அன்னைக்கு உனக்கு மட்டுமாவது அப்பா ஏதாவது சொன்ன மாதிரி கேட்டுச்சாண்ணா?"

பெரிய மாமா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் கல்லறை மண் ஒட்டியிருந்தது.

"இல்லம்மா," என்றார். "கையத்தான் புடிச்சாரு. இறுக்கமாப் புடிச்சாரு."