செப்புத் தொட்டி

இரவெல்லாம் பெய்த மழையில் குளித்தெழுந்த நகரம் ஈரக் கூரைகளைக் கதிரவனுக்குக் காட்டி நிற்க, கற்கோயிலின் உச்சிச் சிலுவை முதல் வெயிலை வாங்கித் தன் நிழலைத் தெருவுக்கு அப்பாலிருந்த மருத்துவமனை மதில்மேல் நீட்டியிருந்த காலை வேளை அது. ஊர் முழுதும் குளிர்ந்திருந்த அவ்வேளையில், கோயிலை அடுத்த மாடி வீட்டில் ஒருத்திக்கு மட்டும் வயிறு எரிந்துகொண்டிருந்தது. அவள் அவ்வீட்டின் மூத்த மருமகள்.

கற்றறிந்த படிப்போரே, அவ்வெரிச்சலின் வேரைச் சொல்கிறேன். திருவிருந்து மேசைக்குரிய வெண்விரிப்பை வெளுத்து, கஞ்சியிட்டு, தேய்த்து, ஞாயிறுதோறும் தன் கையால் விரிப்பது அக்குடும்பத்து மூத்த மருமகளின் வழிவழி உரிமை. அதற்கெனவே ஒரு செப்புத் தொட்டி இருந்தது. வேறொரு துணியின் நூல்கூட அதில் படலாகாது. தோய்க்கையில் வாய் திறக்கலாகாது. அலசிய நீரைச் செடியின் வேரில்தான் ஊற்ற வேண்டும். ஒருமுறை அவள் கணவர் மறதியாகத் தம் கைக்குட்டையை அதில் நனைத்துவிட்டு, ஒரு கிழமை முழுதும் உப்பில்லா உணவையும் முகங்கொடாத மனைவியையும் பொறுத்துக்கொண்டார்.

இளைய மருமகளோ, மருத்துவமனையில் உற்றார் எவருமின்றிக் கிடப்போரின் துணி தோய்த்து, புண் கழுவி, வழிபாடு தொடங்கிய பின்னர் ஈரக்கையோடு ஓடிவந்து கடைசி வரிசையில் அமர்பவள். அவளைத்தான் கோயிலுக்குப் புதிதாய் வந்த ஆயர் வரும் ஞாயிறு விரிப்பை விரிக்கச் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாள்முதல் மூத்தவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"கண்ட கண்ட புண்ணத் தொட்ட கையால அவ விரிக்கணுமாம். நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கணவரிடம் பொரிந்தாள்.

"ஒரே ஒரு வாரந்தானே, விடேன்."

"இன்னிக்கு ஒரு வாரம்பீங்க. அப்புறம் காலம் பூரா அவ கைதான். நான் ஓரமா நின்னு வேடிக்கை பாக்கணும்!"

அன்று விரிப்பைத் தோய்க்கப் போனவள் தொட்டியைக் காணாமல் திகைத்தாள்.

"தம்பி பொண்டாட்டி ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போனா. அங்க இருந்தது ஒடஞ்சு போச்சாம். உன்னை எழுப்ப மனசு வரலன்னு சொன்னா," என்றார் கணவர், இரண்டடி பின்வாங்கியபடியே.

அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார், அவளோ சிரித்தாள். கையும் களவுமாகப் பிடித்து, தீட்டுப்பட்ட தொட்டியை ஆயர் முன்னே வைத்துவிட்டால் போதும், ஞாயிறு மீண்டும் தன்னுடையது! செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவைக் கடந்தாள்.

மருத்துவமனைக் கூடத்தின் கோடியில், கண்கள் இரண்டிலும் கட்டுப் போட்டிருந்த தையற்காரி ஒருத்தி கட்டில் விளிம்பில் அமர்ந்திருந்தாள். அவளுடைய வீங்கிய கால்கள் அந்தச் செப்புத் தொட்டிக்குள் இருந்தன. இளையவள் வெந்நீர் எடுக்கப் போயிருந்தாள். மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து தொட்டியின் காதைப் பற்றினாள்.

"வந்துட்டீங்களா? வலது கால்தாங்க ரொம்பக் குத்துது. கொஞ்சம் மெல்லக் கழுவி விடுறீங்களா?" என்றாள் தையற்காரி. மறுமொழி வராததால் அவள் முகம் வாடியது. "தொட்டி எடுத்ததுக்கு அக்கா திட்டிட்டாங்களா? அவங்க தொவச்சா துணி பாலு மாதிரி இருக்கும், எனக்கெல்லாம் அந்தக் கை வராதுன்னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போவீங்களே. அவங்க தொட்டியில போயி என் காலு! எனக்கே கூச்சமா இருக்குங்க."

தன்னை இளையவள் புகழ்ந்தாளாமே! தான் கரித்துக்கொட்டிய நாளெல்லாம் அவள் இங்கே தன்னைப் புகழ்ந்துகொண்டிருந்தாளாமே! மூத்தவளுக்கு முகம் சுருங்கியது. ஆண்டவர் மண்டியிட்டுத் தம் சீடர்களின் கால் கழுவிய வரலாற்றை அவள் ஆண்டுதோறும் கோயிலில் கேட்டவள்தான். ஆனால் கேட்டபோதெல்லாம் விரிப்பில் மடிப்பு விழுந்திருக்கிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டியின் காதை விட்டாள். மண்டியிட்டாள். விரிப்பைத் தோய்ப்பது போலவே, வாய் திறவாமல், விரல் இடுக்கெல்லாம் விட்டுவிடாமல், அந்தக் காலைக் கழுவினாள்.

"இன்னிக்குத்தாங்க உங்க கை இவ்வளவு எதமா இருக்கு. நல்லா இருப்பீங்க," என்றாள் தையற்காரி.

'அவ இல்ல, நான்!' என்ற சொல் மூத்தவளின் நாவின் நுனிவரை வந்தது. இந்த நன்றியும் அவளுக்கா என்று நெஞ்சு கொதித்தது. அச்சொல்லை அவள் விழுங்கினாள். அப்போது வெந்நீர்க் குடத்தோடு வந்த இளையவள் வாயிலிலேயே வெலவெலத்து நிற்க, மூத்தவள் ஈரவிரலை உதட்டின்மேல் வைத்துப் பேசாதே என்று காட்டிக் குடத்தைக் கைநீட்டி வாங்கிக்கொண்டாள். செப்புத் தொட்டி அதற்குப்பின் வீடு திரும்பவில்லை. விரிப்பு, வீட்டுத் துணி தோய்க்கும் தொட்டியிலேயே வெளுக்கப்பட்டது. வெண்மை சற்றும் குறையவில்லை.

பொறாமை ஒரே காலையில் மாண்டுவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்லேன். ஞாயிறன்று இளையவள் விரித்த விரிப்பின் ஓரத்தில் மடிப்பொன்று கிடந்தது. அதைக் கண்டதும் மூத்தவளின் விரல்கள் துடித்தன. நீவிவிட எழுந்துவிடவும் பார்த்தாள். ஆனால் மூத்தவள் அன்று மருத்துவமனையிலிருந்து பிந்தி வந்து, கடைசி வரிசையில் அமர்ந்திருந்தாள். அவள் கைகளில் ஈரம் இன்னும் காயவில்லை. அந்த மடிப்பு அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.