பச்சைப் பொட்டலத்தின் அடியில்

தைபேயில் எங்கள் அலுவலகத்துக் கணினிகள் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பச்சை நொறுக்குத்தீனிப் பொட்டலம் உட்கார்ந்திருக்கும். அது இருந்தால் யந்திரம் அடம் பிடிக்காமல் வேலை செய்யும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அதைப் பிரிக்கக் கூடாது, யாரும் தொடக் கூடாது, தேதி தாண்ட விடக் கூடாது.

எங்கள் தலைவர் ஃபானுக்கு இன்னொரு சாமியும் உண்டு: சாவி. கட்டைவிரல் அளவுதான். அதைச் செருகி ரகசிய எண்ணை அடித்தால்தான் கணினி கண்ணையே திறக்கும். விண்டோஸ் எல்லாம் அப்புறம். மூன்று முறை தப்பாக அடித்தால் சாவி தன்னையே அழித்துக்கொள்ளும், கணினிக்குள் இருப்பது உள்ளேயே சமாதி. போன மாதம் சாப்பிடப் போகும்போது தன் சாவியைக் கணினியிலேயே விட்டுப்போன ஷாவ்-ஃபென்னை, அத்தனை பேர் முன்னாலும் நிற்கவைத்து அவள் அழும்வரை திட்டினார்.

நேற்று வாடிக்கையாளர் தரப்பிலிருந்து பாதுகாப்புச் சோதனைக்கு வந்த தெங் அம்மாள் ஃபானின் கணினியருகே நின்றார். அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே, கண் நேரே பொட்டலத்தின் தேதிக்குப் போனது. காலாவதி ஆகிவிட்டதே என்று அக்கறையாக எடுத்தார். அடியில் சாவி.

அது யார் மேசை என்று அவருக்குத் தெரியாது; சாவி யாருடையது என்று கேட்டார். தலைவருடையது என்று தெரிந்தால் ஆர்டர் போச்சு. ஃபான் தரையைப் பார்த்தார். நானும்தான். புதியவள் செய்தது என்றால் ஓர் எச்சரிக்கையோடு போய்விடும் என்று நினைத்தாளோ என்னவோ, ஷாவ்-ஃபென் முன்னே வந்தாள்.

"என்னோடதுதாங்க."

"அப்ப நீயே தெறந்து காட்டும்மா," என்றார் தெங்.

சாவியைச் செருகி, கணினியை அணைத்துப் போட்டாள். கறுப்புத் திரை எண் கேட்டது. ஏதோ அடித்தாள், தப்பு. மறுபடி அடித்தாள், தப்பு. எங்கள் எல்லோருடைய உழைப்பும் அதற்குள் இருந்தது. அப்போதும் ஃபான் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை, சொல்லவே கூசுகிறது. அவள் விரலைத் திரும்பவும் எண்ணில் வைத்த பிறகுதான் அவருக்குக் குரல் வந்தது.

"கைய எடு. அது என்னோடது."

அவர் அடித்தார், திறந்தது. யாரும் திரையைப் பார்க்கவில்லை. தெங் அந்தப் பழைய பொட்டலத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

ஷாவ்-ஃபென் குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். "அண்ணே, அன்னைக்கு என்னைத் திட்டினப்பவும் இது இங்கதான் இருந்துச்சா?"

ஆமென்று தலையசைத்தார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கும் தெரியுமாக்கா?"

தெரியும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.