இரண்டாவது மாதிரிக்குள் பொன்னுரங்கம்

எங்கள் பால் சங்கத்துக்கு வெப்சைட் செய்து தருவதாகச் சொன்ன மூன்று கம்பெனிகளும் ஆளுக்கொரு மாதிரி அனுப்பியிருந்தன. இரண்டாவது மாதிரியைச் சோதித்துப் பார்க்க ஆனியில் உள்ளே போன பொன்னுரங்கம், ஆடி முடியப் போகிறது, இன்னும் வெளியே வரவில்லை. மற்ற இரண்டுக்குள்ளும் நாங்கள் காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டோம். இரண்டாவதில் ‘தொடர்புக்கு’ என்ற கதவு உள்பக்கமிருந்து திறப்பதில்லை.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். செயலாளர் சிவகாமி மேடம், கணக்குப் பார்க்கும் நான், கொள்முதல் பார்க்கும் பொன்னுரங்கம். அவர் இல்லாமல் கூட்டம் செல்லாது என்பதால் அந்த மாதிரிக்கு முன்னால் நாற்காலி போட்டு நடத்தினோம். தேடல் பெட்டி வழியாக அவர் குரல் கேட்கும். அவர் மனைவி மரகதம் தயிர்சாதத்தையும் அதன் வழியாகத்தான் தள்ளுவார்.

பேசினோம், பேசினோம். முதல் பக்கத்தில் பசுவா, எருமையா. எழுத்து சின்னதா. வயதான உறுப்பினர்கள் பால் விலையைக் கண்டுபிடிப்பார்களா. மேடம் விட்ட கொட்டாவி எனக்கு வந்து, பெட்டிக்குள்ளும் போய்த் திரும்பி வந்தது.

“இதை வேண்டாம்னு சொன்னா எங்கீங்க போகும்?” என்று மரகதம் கேட்டார்.

“கம்பெனிக்காரங்க கொண்டுபோய் குடோன்ல வெச்சுருவாங்கம்மா,” என்றார் மேடம்.

“இவரோடயா?”

“உள்ளே இருக்கறதோடதான் எடுப்பாங்க.”

மதிப்பெண்ணை அவரவர் மறைத்துப் போட வேண்டும், ஒருவர் பூஜ்யம் போட்டாலும் தள்ளுபடி. விதியை நாங்களே எழுதியிருந்தோம். இரண்டாவதற்கு நான் பத்துக்குப் பத்து போட்டேன். விரித்துப் பார்த்தால் மேடமும் பத்து. கடைசியாகப் பொன்னுரங்கத்தின் சீட்டு பெட்டி வழியே வந்தது. பூஜ்யம்.

“அண்ணா, மாத்திப் போடுங்க,” என்றேன்.

“எப்படிப்பா மாத்தறது? பால் விலை எங்கேன்னு நானே இன்னும் தேடிட்டிருக்கேன். நம்ம பெருசுக வந்தா என்ன பண்ணுவாங்க?”

மரகதம் பெட்டியிடம் குனிந்தார். “ஏனுங்க, ஒரு மார்க்காவது போட்டிருக்கலாமில்லீங்க?”

“கலராவது நல்லாயிருந்தா போட்டிருப்பேன் மரகதம்.”

மரகதம் வீட்டுக்குப் போய்ச் சர்க்கரை மாத்திரையும், இறுக்கிச் சுருட்டிய போர்வையும் கொண்டு வந்து உள்ளே தள்ளினார்.

மாலையில் கம்பெனியின் டெம்போ வந்தது. இரண்டு பேர் மாதிரியைத் தூக்கினார்கள்.

“சாய்க்காதீங்க, அவருக்கு இடுப்பு வலி,” என்று சொல்லிவிட்டு, மரகதம் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மேடம் தெருமுனை வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது மாதிரி தேர்வாகியிருந்தது. விஷயத்தைச் சொல்ல நானும் மேடமும் அறைக்குள் போனபோது, அது மேடத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. இன்னும் இரண்டு சங்கங்களைப் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் வருவதா என்று முடிவு சொல்ல முடியும் என்றது. முதலில் மேடத்தைச் சிரித்துக் காட்டச் சொன்னது. பிறகு என்னை.

“இன்னும் கொஞ்சம் வேகமாக,” என்றது.

மறுபடியும் சிரித்தோம்.